ஷூவின் மீது பச்சை இலை: உள்ளே இருப்பது என்ன?

ஒரு ஜோடி ஓட்ட ஷூவின் எடை அரை கிலோவைச் சற்றே தாண்டும். அது உருவாகி, உழைத்து, குப்பைக்குப் போய்ச் சேர்வதற்குள் காற்றில் கலக்கும் பசுங்குடில் வாயுவின் எடையோ சுமார் 14 கிலோ. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஒரு ஷூவைப் பாகம் பாகமாகப் பிரித்து ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட கணக்கு இது. அந்த ஷூவில் 65 உறுப்புகள் இருந்தன. அவற்றை வெட்டி, வார்த்து, தைத்து, ஒட்டி முடிக்க 360-க்கும் மேற்பட்ட செய்முறைகள் தேவைப்பட்டன. 14 கிலோவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொழிற்சாலையில் உருவாகிறது. துணி, நுரை, ரப்பர் முதலிய மூலப்பொருள்களின் பங்கு சுமார் 29 சதவீதம்தான்.

மலைப்பாதை ஓட்டத்துக்கு ‘பசுமை’ ஷூ தேடுபவர்கள் கடைக்குப் போகும் முன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் அந்த 29. கரும்பிலிருந்து செய்த நுரை, பழைய பாட்டிலிலிருந்து நூற்ற துணி, ஆமணக்கிலிருந்து வந்த இழை என்று விளம்பரங்கள் சொல்வதெல்லாம் அந்த 29 சதவீதத்துக்குள் நடக்கும் மாற்றங்கள். அவை வேண்டியவைதான். ஆனால் அவை மட்டுமே ஒரு ஷூவைப் பசுமையாக்கிவிடாது.

இந்தக் கேள்வி தமிழ் வாசகர்களுக்குத் தொலைவானது அல்ல. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. கர்நாடகக் காப்பித் தோட்டங்களின் ஊடே நடக்கும் மல்நாடு அல்ட்ரா போன்ற ஓட்டங்கள் ஓட்டக்காரர்களிடையே பெயர் பெற்றவை. கனமான மலையேற்ற பூட்ஸை விட்டு, எடை குறைந்த ட்ரெயில் ஷூவுக்கு மாறுபவர்களும் உண்டு. செய்யாறு தொடங்கி பெரம்பலூர் வரை தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருக்கும் மாநிலமும் இதுவே. மூன்றில் இரண்டு பங்கு மாசு தொழிற்சாலையில் பிறக்கிறதென்றால், அந்த ஆலைகள் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகின்றனவா, காற்றாலை மின்சாரத்தில் ஓடுகின்றனவா என்பது சிறிய கேள்வி அல்ல. 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் கொண்ட தமிழ்நாட்டில் அதை உரத்துக் கேட்கலாம்.

இனி ஷூவைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். காலுக்கும் தரைக்கும் நடுவே மெத்தையாக இருப்பது நடு சோல். பெரும்பாலான ஷூக்களில் அது இ.வி.ஏ. எனப்படும் நுரை. அதன் முக்கிய மூலப்பொருளான எத்திலீன் வழக்கமாகக் கச்சா எண்ணெயிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ வருகிறது. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010-ல் கரும்புச் சாராயத்திலிருந்து எத்திலீன் எடுக்கும் ஆலையைத் தொடங்கியது. ஆல்பேர்ட்ஸ் என்ற காலணி நிறுவனத்துடன் சேர்ந்து 2018-ல் அதே கரும்பு வழியில் ஷூ நுரையும் செய்தது. பிறகு வேறு பல நிறுவனங்களும் கரும்பு நுரையை எடுத்துக்கொண்டன. கரும்பு வளரும்போது காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சுகிறது என்பதே இதன் பலம். ஆனால் கரும்பிலிருந்து வந்தது என்பதால் அந்த நுரை மண்ணில் மட்கிவிடாது. வேதியியல்படி எண்ணெயிலிருந்து வந்த நுரையும் இதுவும் ஒன்றுதான். காட்டில் விழுந்து கிடந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் கிடக்கும். மேலும் ‘கரும்பு நுரை’ என்று எழுதிய ஷூவில் நுரை முழுவதும் கரும்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை சதவீதம் என்று எழுதாத ஷூவின் விளம்பரத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆமணக்கு நம் ஊருக்கு நெருங்கிய கதை. வீட்டில் விளக்கெண்ணெய் தரும் அதே விதையிலிருந்துதான் பாலிஅமைடு-11 என்ற உறுதியான பிளாஸ்டிக் வருகிறது. சுவிஸ் நிறுவனமான ஆன், 2022-ல் சந்தா முறையில் கொடுத்த கிளவுட்நியோ ஷூவின் மேல்பகுதியை ஆமணக்கிலிருந்து பெற்ற இழையால் செய்தது. உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. அங்கே 2016 முதல் ‘பிரகதி’ என்ற திட்டம் விவசாயிகளுக்கு நீர்ச் சிக்கனத்தையும் பாதுகாப்பான மருந்துத் தெளிப்பையும் கற்றுக்கொடுக்கிறது. பயிரிலிருந்து வந்த பொருள் என்று கேட்டவுடன் மகிழாமல், அந்தப் பயிர் எந்த வயலில், யார் உழைப்பில், எவ்வளவு நீரில் விளைந்தது என்று கேட்கும் பழக்கம் வாங்குபவர்களிடம் வளர வேண்டும்.

மேல்துணிக்கு வருவோம். ட்ரெயில் ஷூக்களில் மறுசுழற்சி பாலியஸ்டர் இப்போது சாதாரணமாகிவிட்டது. கரூரிலேயே பெட் பாட்டில்களை நொறுக்கி, உருக்கி, நூலாக்கும் நிறுவனம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேற்சட்டையின் துணி அங்கே செய்யப்பட்டதுதான். புதிய பாலியஸ்டரைவிட இதற்கு எண்ணெயும் ஆற்றலும் குறைவாகச் செலவாகும். ஆனால் பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம். துணியாகி, ரப்பரோடும் நுரையோடும் பசை போட்டு ஒட்டப்பட்ட பிறகு அதன் பயணம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ‘உலக மறுசுழற்சித் தரம்’ என்ற சான்றின் முத்திரையைப் பொருளில் பதிக்க, குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். அந்த முத்திரை ஷூவில் இருக்கிறதா, வெறும் லேஸுக்கு மட்டுமா என்று பார்த்துவிடுவது நல்லது.

சாலை ஓட்ட ஷூவையும் மலை ஷூவையும் பிரிப்பது அடி சோல். சேற்றில் ஊன்ற ஆழமான பற்கள் வேண்டும். ஈரப்பாறையில் வழுக்காத மென்மையான ரப்பர் வேண்டும். இத்தாலிய மலையேறி விட்டாலே பிராமானி 1935-ல் ஆல்ப்ஸில் தன் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தார். தகாத காலணியும் அதற்கு ஒரு காரணம் என்று கருதிய அவர், பற்கள் கொண்ட ரப்பர் சோலை உருவாக்கினார். 1937-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று எண்ணற்ற மலை ஷூக்களின் அடியில் மஞ்சள் எண்கோணத்தில் தெரியும் விப்ரம் என்ற பெயர் அவருடையதுதான். அந்த நிறுவனத்தின் ஈக்கோஸ்டெப் வகையில் குறைந்தது 30 சதவீதம் மறுசுழற்சி ரப்பர் கலக்கப்படுகிறது. என்-ஆயில் வகையில் 90 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய் சாராத பொருள்கள்.

இயற்கை ரப்பர் என்றால் கவலை இல்லையா? கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகாலையில் பால் வெட்டும் குடும்பங்களுக்கு அது பிழைப்பு. ஆனால் தென்கிழக்கு ஆசியாவின் நிலைமை வேறு. 1993-க்குப் பிறகு அங்கே 40 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான காடு ரப்பருக்காக அழிந்திருப்பதாக 2023-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டில் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் காப்பி, கோகோவோடு ரப்பரையும் பட்டியலில் சேர்த்தது. எந்தத் தோட்டத்து ரப்பர் என்று சொல்லும் நிறுவனத்துக்கும், ‘இயற்கை ரப்பர்’ என்று மட்டும் சொல்லும் நிறுவனத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அடி சோல் தேய்கிறதே, தேய்ந்த துகள் எங்கே போகிறது? ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, மலைப்பாதை ஓட்டப் போட்டிகள் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் நுண்பிளாஸ்டிக்கைச் சேர்க்கின்றன என்று காட்டியது. ஷூவின் சோலும் செயற்கை இழை ஆடையும் அதற்குக் காரணம். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மென்மையான ரப்பர் பாறையைப் பற்றிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் வழுக்கும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடுபவர் பிடிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். விழுந்து எலும்பு முறிவதில் எந்தப் பசுமையும் இல்லை. ஆனால் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு தினமும் தார்ச்சாலையில் பயிற்சி ஓட்டம் ஓடக் கூடாது. மலை ஷூவின் பற்கள் வேகமாகத் தேய்வது அங்கேதான்.

நீர் புகாத ஷூ என்று விலை கூட்டி விற்கப்படுபவற்றில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று வேதிப்பொருள். நீர் விலக்கும் பூச்சுகளிலும் சவ்வுகளிலும் நெடுங்காலம் பயன்பட்ட பி-ஃபாஸ் வகைச் சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. நீரிலும் உடலிலும் தங்கிவிடுகின்றன. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் துணிகளில் அவற்றுக்குத் தடை விதித்தது. பிரான்ஸ் 2026 முதல் உடைக்கும் காலணிக்கும் தடை கொண்டுவந்தது. கோர்-டெக்ஸ் நிறுவனமே 2022 முதல் பி-ஃபாஸ் இல்லாத புதிய சவ்வைச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே ‘பி-ஃபாஸ் இல்லை’ என்று எழுத்தில் இருப்பதை மட்டுமே வாங்கலாம். இன்னொன்று, நம் தட்பவெப்பத்தில் அந்தச் சவ்வு தேவையா என்பது. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் கணுக்கால் வழியே உள்ளே புகும். சவ்வு அதை வெளியே விடாது. வலைத்துணி ஷூவில் நனைந்த கால் சீக்கிரம் காயும். வால்பாறையிலோ கொடைக்கானலிலோ ஓடுபவருக்குச் சாதாரண வலைத்துணியே போதும்.

இத்தனை பொருள்களும் ஒன்றாக ஒட்டப்பட்ட பிறகுதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைப் பிணைத்துவிடுகிறார்கள். நுரையிலும் அப்படிப்பட்ட பிணைப்பு உண்டு. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாததுபோல், அவற்றை உருக்கி மறுபடி புதிய சோல் வார்க்க முடியாது. பொடியாக்கி, விளையாட்டுத் தளத்துக்கோ பாய்க்கோ பயன்படுத்தலாம். நைக் நிறுவனம் 1990-களிலிருந்து செய்துவருவது அதைத்தான். சாலமன் நிறுவனம் 2021-ல் வேறு வழியை முயன்றது. அதன் இண்டெக்ஸ்-01 ஷூவில் சோல் முழுவதும் உருக்கக்கூடிய டி.பி.யு. நுரை, மேல்பகுதி பாலியஸ்டர். இரண்டையும் பிரித்து, நுரையைப் பனிச்சறுக்கு பூட்ஸ் செய்யப் பயன்படுத்தலாம். ஆனால் அது சாலை ஓட்டத்துக்கான ஷூ. சேற்றுக்கும் ஈரப்பாறைக்கும் ரப்பர் சோலை இன்னும் யாராலும் எளிதாகக் கைவிட முடியவில்லை.

அதனால் மலை ஷூவைப் பொறுத்தவரை உருப்படியான வழி, அதன் ஆயுளை நீட்டுவது. உலகின் தலைசிறந்த மலை ஓட்டக்காரர்களில் ஒருவரான கிலியன் ஜோர்னெட், கேம்பர் என்ற ஸ்பானியக் காலணி நிறுவனத்துடன் சேர்ந்து 2022-ல் நார்மல் என்ற பெயரில் ஷூ வெளியிட்டார். பருவத்துக்கு ஒரு வண்ணம் என்று விற்பதைத் தவிர்த்து, நெடுநாள் உழைக்கும் மாதிரிகளைக் குறைந்த எண்ணிக்கையில் செய்வதே அதன் கொள்கை. அதன் டொமிர் மாதிரியில் தேய்ந்த சோலை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். அந்த ஆண்டு மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் சுமார் 170 கிலோமீட்டர் ஓட்டத்தை ஜோர்னெட் 20 மணி நேரத்துக்குள் முடித்து வென்றது, அதே நிறுவனத்தின் கியராக் ஷூவோடுதான். நெடுநாள் உழைக்கும் ஷூ மெதுவான ஷூவாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கு அது நல்ல பதில்.

கணக்கும் எளிது. 14 கிலோ மாசை உண்டாக்கிய ஷூ 500 கிலோமீட்டரில் குப்பைக்குப் போனால், கிலோமீட்டருக்கு 28 கிராம். அதே ஷூ 1,000 கிலோமீட்டர் உழைத்தால் 14 கிராம். எந்தக் கரும்பு நுரையும் இவ்வளவு பெரிய குறைப்பைத் தனியாகத் தந்துவிடாது.

ஆயுளைக் கூட்டுவது பெரும்பாலும் வாங்கியவரின் கையில் இருக்கிறது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து, நீளமான கால்விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம்விட்டு வாங்க வேண்டும். இறக்கத்தில் விரல் இடிக்கும் ஷூ ஒரே மாதத்தில் மூலைக்குப் போய்விடும். நனைந்த ஷூவை வெயிலிலோ சூடான இடத்திலோ வைத்தால் பசை இளகும், நுரை சுருங்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். முன்பக்கம் வாய் பிளந்தால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டித் தைக்கலாம். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும்போது சோலில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட வேண்டும். நியூசிலாந்தின் பழம்பெரும் கவுரி மரங்களை அழிக்கும் நோய்க்கிருமி காலணி மண்ணிலும் பரவுவதால், அங்கே காட்டுப் பாதைகளின் வாசலிலேயே ஷூ கழுவும் இடம் அமைத்திருக்கிறார்கள். நீலகிரிச் சோலைக்காடுகளுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை: மறுசுழற்சிப் பொருள் எந்தப் பாகத்தில், எத்தனை சதவீதம்? ஒரு ஜோடிக்கு எத்தனை கிலோ கார்பன் என்று நிறுவனம் வெளியிட்டிருக்கிறதா? ஆசிக்ஸ் 2022-ல் ஒரு ஷூவின் கார்பன் 1.95 கிலோ என்று எண்ணோடு அறிவித்தது, மற்றவர்களாலும் முடியும். சோலும் உள் அட்டையும் தனியாகக் கிடைக்குமா? பதில் வராத இடத்தில் பச்சை இலைச் சின்னம் எத்தனை இருந்தாலும் பயனில்லை. பழைய ஜோடியின் பற்கள் இன்னும் தேயவில்லை என்றால், இந்த ஆண்டு புதியது வாங்காமல் இருப்பதே சரியான தேர்வு.

ஆதாரம் இல்லாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஷூ நிறுவனங்களும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. விளம்பரம் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் செய்யலாம்.