கோல்ஃப் மைதானமும் நம்ம லெவலிங் பாடமும்



"கோல்ஃபா? அது பணக்காரங்க ஆட்டமாச்சே, நமக்கெதுக்கு?" என்றுதான் நீங்களும் கேட்பீர்கள். போன வருஷம் சர்வே கேம்ப்புக்காக கொடைக்கானல் போகிறவரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலிக்கு வெளியே ரோட்டோரம் நின்றுகொண்டுதான் அந்த மைதானத்தைப் பார்த்தேன். ஆனால் வகுப்பில் புரியாத ஒரு பாடம் அங்கேதான் புரிந்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. அடித்துத் தொடங்கும் இடம் 'டீ'. நடுவே வெட்டிவிட்ட புல்வெளி 'ஃபேர்வே'. கடைசியில் பாய் விரித்த மாதிரி வழவழப்பாக இருப்பது 'கிரீன்'. அதில் 108 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழி. 46 கிராம்கூட இல்லாத பந்தை, முடிந்த மட்டும் குறைவான அடிகளில் அந்தக் குழியில் போட வேண்டும். இப்படி 18 குழிகள். அவ்வளவுதான் ஆட்டம்!

இந்த 18 எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடற்கரை ஊர். 1764ல் அங்கேதான் 18 குழிக் கணக்கு வந்தது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய மைதானத்தை ஆரம்பத்தில் எந்த இன்ஜினியரும் பிளான் போட்டுக் கட்டவில்லை. காற்று குவித்த மணல்மேடு, ஆடு மேய்ந்து கட்டையாக்கிய புல், இயற்கையாக விழுந்த பள்ளம்... இவைதான் மைதானம். மனிதன் செய்தது குழி தோண்டியது மட்டும்தான் என்றால் மிகையாகாது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது என்பதுதான் வழக்கம். அன்று ஊர் ஜனங்கள் பூங்கா மாதிரி உலாவலாம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது!

ஆங்கிலேயர்கள் போன இடமெல்லாம் இந்த ஆட்டத்தையும் கொண்டுபோனார்கள். கல்கத்தாவில் 1829லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. மலைவாசஸ்தலம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊட்டி, இலங்கையின் நுவரெலியா இரண்டிலும் 18 குழி மைதானம் உண்டு. லீவுக்கு கோல்ஃப் ஆடவென்றே இந்த ஊர்களுக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் கொடைக்கானலில் 1845ல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டினார்கள். 1863ல் மதுரை கலெக்டராயிருந்த லெவிஞ்ச் முயற்சியால் ஏரி உருவானது. 1895ல் கோல்ஃப் கிளப் தொடங்கியது. அப்போது மேலே போக மோட்டார் ரோடு கிடையாது. துரைமார்களையும் அவர்கள் சாமான்களையும் பெரியகுளம் பக்கத்திலிருந்து டோலியிலும் தலைச்சுமையிலும் ஏற்றியவர்கள் நம் ஆட்கள்தான்.

இந்த மலையுச்சி அவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது? பழனி மலையின் மேல்மட்டம் ஒரு தனி அமைப்பு. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. அதாவது உருண்டு புரளும் புல்தரை ஏற்கெனவே தயாராக இருந்தது!

இதில் ஒரு பிசிக்ஸ் விஷயமும் உண்டு. சுமார் 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பந்துக்குத் தடை குறைந்து, அதே அடிக்குக் கூடுதல் தூரம் போகும். பந்தின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கிறதே, அதுவும் காற்றுத் தடையைக் குறைக்கத்தான். குழியில்லாத வழவழப்பான பந்து ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கேம்ப்பில் ஒருநாள் லெவல் எடுத்து முடித்துவிட்டு ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர். ரொம்ப வருஷம் கேடியாக இருந்தவராம். கேடி என்றால் ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். எங்கள் ஸ்டாஃபையும் டம்பி லெவலையும் பார்த்துச் சிரித்தார்.

"இதை வச்சு என்ன தம்பி பாக்குறீங்க?"

"எந்தப் பக்கம் எவ்வளவு சரிவுன்னு பாக்குறோம் ஐயா."

"அது என் காலுக்கே தெரியுமே! கிரீன்ல நின்னா போதும், பந்து எங்க திரும்பும்னு சொல்லிருவேன். அடிக்கிறது தொரை, சொல்றது நாமதான்."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சுருக்கென்றது. பழனி அடிவாரத்தில் இன்னொருத்தர் வயலில் மடை திருப்புகிறவர் என் அப்பா. ஒரு மண்வெட்டிதான் அவர் கருவி. தண்ணீர் விட்டுப் பார்த்து, மேடு எது பள்ளம் எது என்று ஒரு விரல்கடை தப்பாமல் சொல்வார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். காண்டூர் லைன் எங்கள் வீட்டுக்கு என்னோடு வந்தது இல்லை, முன்பே இருந்தது!

மைதானத்தோடு வாழ்பவனுக்குத்தான் மைதானம் தெரியும் என்பதற்கு எஸ்.எஸ்.பி. சௌராசியா ஒரு சாட்சி. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்த தொழிலாளியின் மகன். 2008ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

இனி நாம் யோசிக்க வேண்டிய விஷயம். கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் கூட்டமாக மேய்வது சகஜம். நின்றிருக்கும் பந்தை மாடு தட்டிவிட்டால் அபராதம் இல்லை, பழைய இடத்திலேயே வைத்து ஆடலாம் என்று விதியே இருக்கிறது! ஆனால் மாடு ஏன் அங்கே வருகிறது? பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் 1973க்கும் 2014க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துபோனது. அந்த இடத்தில் சீகை, பைன், யூகலிப்டஸ், விவசாயம். புல் இருக்கும் இடத்தை மாடு தேடி வராமல் என்ன செய்யும்?

கோல்ஃப் புல்லும் காட்டுப்புல்லும் ஒன்றல்ல. எந்த மைதானமானாலும் அதற்குப் போடும் உரமும் மருந்தும் மழையில் கரைந்து கீழேதான் வரும். பழனி வட்டாரத்து வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்குத் தண்ணீர் தருவது இந்த மலைதான். என் அப்பா திருப்பும் மடைக்கு வருவதும் அந்தத் தண்ணீர்தான்.

ஆனாலும் அந்தப் பழைய மைதானங்கள் ஒன்றைச் சரியாகச் செய்தன. மேட்டை மேடாகவும் பள்ளத்தைப் பள்ளமாகவும் விட்டு, நிலத்துக்கேற்ப ஆட்டத்தை வளைத்தன. பிற்காலத்தில் புல்டோசர் வந்ததும், ஆட்டத்துக்காக நிலத்தை வளைப்பது உலகம் பூராவும் சகஜமாகிவிட்டது. மலையில் அது விளையாட்டில்லை. சரிவின் அடிக்காலை வெட்டினால் மேலுள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். ஓடையை அடைத்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அழுத்தும். மண்ணின் பிடிமானம் தளரும். பிறகு ஒரு பெருமழை போதும், மண் சரிந்துவிடும். சாயில் மெக்கானிக்ஸில் ஷியர் ஸ்ட்ரெங்த் என்று நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் சிலர் இதே மலையில் ரோடு போடுவோம். ரிசார்ட்டுக்கு அஸ்திவாரம் எடுப்போம். காண்ட்ராக்டர் "ஜேசிபியை விடுப்பா" என்று சொல்லும்போது, சைட் சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தான். அந்த நேரத்தில் லெவலை ஒருமுறை பாருங்கள். அப்படியே அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டு, "ஐயா, மழைத்தண்ணி இங்க எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள்.

கேம்ப் முடிந்து ஊருக்குப் போனதும் நான் முதலில் செய்தது அதுதான். காண்டூர் ஷீட்டை அப்பா முன்னால் விரித்தேன். எழுத்து தெரியாத அவர் கோடுகளின் மேல் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்திச் சொன்னார்: "இங்கதானப்பா தண்ணி சேரும்?"

சரியாகச் சொல்லிவிட்டார்!

— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்