காற்றின் வழியும் கலத்தோர் பணியும்

கரிபியன் கடல் என்றவுடன் நீல நீரும் வெண்மணலும் ஓய்வும் பலர் நினைவில் எழும். அவ்வோய்வு பிறர் உழைப்பால் அமைவது. குடும்பத்தாரோ நண்பரோ சிலர் கூடி, ஒரு பாய்மரக் கலத்தை ஒரு வார அளவுக்கு வாடகைக்கு அமர்த்தித் தீவு தீவாகச் சுற்றி வருவர். 'சார்ட்டர் யாட்' எனப்படும் அக்கலத்தில் வேலை செய்வோர்க்குத் தீவுகளைக் காணும் வாய்ப்பு எவ்வளவு? அவர்தம் பணியை ஆள்வது எது? இவற்றை ஈண்டுக் காண்போம்.

தொழிலின் தோற்றம்

ஆண்டிகுவாத் தீவில் ஆங்கிலத் துறைமுகம் என்னும் ஓர் இயற்கைத் துறை உள்ளது. அடிமைப்பட்ட ஆப்பிரிக்கரின் உழைப்பால் எழுந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் அங்கு இருந்தது. 1889இல் அது மூடப்பட்டது. பாழடைந்து கிடந்த அத்துறைக்கு 1949இல் வெர்னன் நிக்கல்சன் என்னும் முன்னாள் கடற்படை அதிகாரி தம் குடும்பத்தோடு 'மாலிஹாக்' என்னும் பாய்க்கப்பலில் வந்து சேர்ந்தார். விருந்தினரைக் கடலில் அழைத்துச் செல்லும் தொழில் அவரால் அங்கு வேரூன்றியது. 2016இல் அத்தளம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

காற்றும் தீவுகளும்

கரிபியன் கடலின் கிழக்கெல்லையில் தீவுகள் வில்போல் வளைந்து கிடக்கின்றன. கிழக்கு, வடகிழக்குத் திசைகளிலிருந்து வியாபாரக் காற்று அவற்றின்மீது இடையறாது வீசுகின்றது. அக்காற்றைப் பற்றி வந்த பழைய மாலுமிகளின் கணக்கில், தெற்கேயுள்ளவை காற்றுமுகத் தீவுகள். வடக்கேயுள்ளவை காற்றுமறைவுத் தீவுகள். இப்பிரிவில் ஆட்சியாளர் கையும் உண்டு. மறைவுத் தீவாக இருந்த டொமினிக்கா, 1940இல் நிருவாக வசதிக்காக முகத் தீவுகளோடு சேர்க்கப்பட்டது.

கலத்தோர்க்கு இக்காற்றே கட்டளை. நங்கூரமிடும் துறைகள் பெரும்பாலும் தீவுகளின் மேற்குப் பக்கத்தில் அமைந்துள்ளன. மலை காற்றைத் தடுப்பதால் அங்கே நீர் அமைதியாக இருக்கும். இரு தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாயிலோ காற்று ஒடுங்கி விரைகின்றது, அலையும் உயர்கின்றது. ஆதலின் மலை மறைவை விட்டு வெளியேறும் முன்னரே பாயின் பரப்பைச் சுருக்குதல் மீகாமன் கடன்.

நீரின் நிறத்தைப் படித்தல்

கிரெனடின் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டொபேகோ கேஸ் போன்ற இடங்களில் பவளப்பாறைகள் மிகுதி. அங்கு வரைபடம் மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். கருநீலம் ஆழத்தைக் காட்டும். இளம்பச்சை, மணற்றரையுடைய ஆழமற்ற நீரைக் காட்டும். பழுப்பு, பாறையையோ கடற்புல்லையோ காட்டும். கதிரவன் உச்சியிலோ முதுகுப்புறத்திலோ இருந்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது. மாலையில் மேற்கு நோக்கிச் செல்வோன் கண்ணுக்கு நீர் முழுதும் வெள்ளித்தகடே. அதனால் காலையில் ஒரு மணி நேரம் தாமதித்துப் புறப்படுவதுகூடக் கலத்திற்குக் கேடாக முடியலாம்.

ஒரு நாட்பணி

சிறு கலத்தில் மீகாமனும் சமையற்காரரும் ஆகிய இருவரே எல்லா வேலையும் செய்வர். பெருங்கலத்தில் துணை மீகாமன், இயந்திரப் பணியாளர், தள ஊழியர், பணிப்பெண் ஆகியோரும் உளர். விருந்தினர் விழிக்குமுன் தளத்து உப்பைத் துடைத்தல், எண்ணெய் அளவு பார்த்தல், நன்னீரின் இருப்பைக் கணக்கிடல் ஆகியன முடிதல் வேண்டும். நங்கூரமிட்டபின் நீரில் மூழ்கி, அது தரையைக் கவ்வியுள்ளதா என்று பார்ப்பர். சங்கிலியை நீராழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் விடுதல் பொதுவழக்கம். இரவில் காற்று மிகுந்தால் உறக்கம் இல்லை. நங்கூரம் இழுபட்டால் கலம் பாறையில் மோதும்.

நாடு மாறுந்தோறும் மஞ்சட்கொடி ஏற்றிக் குடிநுழைவு, சுங்க அனுமதி பெறுதல் வேண்டும். தீவுச் சந்தையைச் சமையற்காரர் காய்கறிக் கூடையோடுதான் காண்கிறார். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்த்தினிக், குவாதலூப் சந்தைகளில் அவர் வாங்கும் 'கொலம்போ' மசாலைத்தூளில் நமக்கும் உறவுண்டு. 1853 முதல் ஒப்பந்தத் தொழிலாளராக அத்தீவுகளுக்குச் சென்ற தமிழர் முதலிய இந்தியர் கொண்டு சேர்த்த சுவை அது.

புயலும் பிழைப்பும்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தொழிலுக்கு உரிய பருவம். ஜூன் முதல் நவம்பர் முடியப் புயற்காலம். அப்போது பல கலங்கள் மத்தியதரைக் கடலுக்கோ தெற்கே கிரெனடாவுக்கோ செல்லும். தென்கோடியில் புயல் அரிது என்னும் நம்பிக்கையை 2004இல் 'ஐவன்' தகர்த்தது. 2017இல் 'இர்மா' பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் எண்ணற்ற கலங்களை நொறுக்கியது. 2024 ஜூலை முதல் நாளில் 'பெரில்' கரியாக்கூத் தீவைச் சிதைத்தது. கலம் உடைந்தால் உரிமையாளருக்குக் காப்புறுதி இருக்கலாம். பணியாளனுக்கோ அதுவே வீடும் வேலையும்.

எனவே, தீவுகளைக் காணலாம் என்னும் ஆசையால் மட்டும் இத்தொழிலை நாடுவோர் ஏமாறுவர். விருந்தினர் கரையைக் காண்கின்றனர். பணியாளர் காண்பவை காற்றும் நீரின் நிறமும் சங்கிலியின் இழுப்புமே. ஆயினும் ஒரு தீவை அணுகும் வழியை அவர் அறிந்த அளவுக்கு அதில் இறங்கி உலாவியவரும் அறியார்.