சோவியத்து மொழியியலில் களையெடுப்பு

ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பு கட்சியளவில் நின்றுவிடவில்லை. மொழியியலில் எவர் கோட்பாடு நிலைபெறும் என்பதையும் அதிகாரமே முடிவுசெய்தது. மொழிகள் யாவும் சால், பெர், யோன், ரோஷ் என்னும் நான்கு கூறுகளினின்று தோன்றின என்றார் நிக்கலாய் மார். அரசு ஏற்புப் பெற்ற அக்கோட்பாட்டினை 1929இல் வெளிப்படையாக மறுத்த எவ்கேனி பொலிவானொவ், மாஸ்கோவில் பணியிழந்து நடு ஆசியா செல்ல நேர்ந்தது. 1937இல் கைதாகி, 1938 சனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். சாட்டப்பட்ட குற்றம் மொழிக்கோட்பாடு பற்றியதன்று. சப்பானுக்கு உளவு பார்த்தார் என்பதாகும். (அக்காலக் குற்றச்சாட்டுகளின் மொழிநடை தனியே ஆராயத்தக்கது.)

1950 சூன் 20இல் ஸ்டாலினே 'பிராவ்தா'வில் எழுதி மாரின் கோட்பாட்டினைத் தள்ளினார். மொழி ஒரு வர்க்கத்திற்கு மட்டும் உரியதன்று என்னும் அவர்தம் முடிபு சரியே. எனினும் அதனை நிலைநாட்டியது சான்றன்று, ஆணை. மாரின் வழிவந்த மெஷ்சானினொவ் பதவியிழக்க, வினொகிராதொவ் தலைமையேற்றார். பொலிவானொவ் குற்றமற்றவர் என்பது 1963இல்தான் ஏற்கப்பட்டது.