யன்னலுக்கு மேலொரு சிறுகூரை: அதன் கட்டமைப்புப் பற்றிய சில குறிப்புகள்

தமிழர் கட்டடக்கலை பற்றி எழுந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை கோயில்களையே பொருளாகக் கொண்டவை. விமானமும் கோபுரமும் பேசப்பட்ட அளவிற்குச் சாதாரண வீட்டின் புறச்சுவரும், யன்னலுக்கு மேல் அதினின்று நீளும் சிறுகூரையும் பேசப்படவில்லை. இத்தனைக்கும் கோயிற் சிற்பி தச்சனுக்குக் கடன்பட்டவன். ஆவுடையார்கோயிலின் புகழ்பெற்ற கொடுங்கை, மரச்சட்டங்களையும் ஆணிகளையும் கல்லிலே செதுக்கிக் காட்டுகின்றது. தச்சனின் தருக்கமே அங்கு அழகாக உருமாறியது. அத்தருக்கம் சிறுகூரையில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலில் அதன் நீளம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலக்கோடு 9.7 பாகையில் அமைந்துள்ளது. டிசம்பர் 22ஆந் திகதியளவில் நண்பகற் சூரியன் அங்கு உச்சியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 33 பாகை சாய்ந்து நிற்கும். யூன் 21ஆந் திகதியளவில் வடக்கே ஏறத்தாழ 14 பாகை சாயும். ஆகவே 120 சதமமீற்றர் உயரமுள்ள யன்னலொன்றை நண்பகல் வெயிலினின்று முற்றாக மறைப்பதற்குத் தெற்குச் சுவரில் ஏறத்தாழ 78 சதமமீற்றரும், வடக்குச் சுவரில் 30 சதமமீற்றரும் நீண்ட கூரை வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக வருவதால் சிறுகூரை மட்டும் போதாது; விறாந்தையோ மரநிழலோ துணைசெய்தல் வேண்டும். நாற்புறமும் ஒரே அளவிற் கூரை நீட்டுதல் பொருளை வீணாக்குவதாகும்.

அடுத்து அதன் தாங்குமுறை. தூண் ஊன்றிய பத்தியின் பாரம் தூண்வழியே நிலத்தை அடைகின்றது. சிறுகூரைக்கோ தூண் இல்லை. அதன் பாரம் முழுவதையும் சுவரே ஏற்கின்றது. சுவரோடு நிற்கும் ஒரு கட்டை, வெளியே நீளும் ஒரு கட்டை, இரண்டையும் சாய்வாக இணைக்கும் முட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த முக்கோணமே தாங்கியாகும். பாரம் ஏறும்போது தாங்கியின் கீழ்முனை சுவரை அழுத்துகின்றது. மேல்முனை சுவரைவிட்டு விலக முயல்கின்றது. அழுத்தத்தைச் செங்கற்சுவர் எளிதிற் பொறுக்கும், இழுவையைப் பொறுக்காது. எனவே சிறுகூரையின் உயிர்நிலை அதன் மேற்பிடிப்பிலேயே உள்ளது.

எடுத்துக்காட்டாக, ஒரு தாங்கியின்மேல் 60 கிலோகிராம் பாரம் இருப்பதாகவும், அதன் மையம் சுவரிலிருந்து 40 சதமமீற்றர் தூரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். மேற்பிடிப்புக்கும் கீழ்முனைக்கும் இடையே 60 சதமமீற்றர் இருப்பின் மேற்பிடிப்பில் ஏற்படும் இழுவை 40 கிலோகிராம் பாரத்திற்குச் சமமாகும். அவ்விடைவெளி 20 சதமமீற்றராகக் குறையின் இழுவை 120 கிலோகிராமாக உயரும். மரத்தைத் தடிப்பாக்குவதிலும் தாங்கியை உயரமாக்குவதே பயன்மிக்கது என்பது இதனாற் பெறப்படும். சாந்தில் அறைந்த ஆணி இவ்விழுவைக்கு நெடுங்காலம் நில்லாது. சுவரை ஊடுருவிச் சென்று, உட்புறத்தில் இரும்புத் தட்டொன்றின்மீது முடுக்கப்படும் திருகாணியே நம்பத்தக்கது.

தாங்கிகளின் வெளிமுனைகளை ஒரு வளையும், சுவரோரத்தை மற்றொரு வளையும் இணைக்கும். அவற்றின்மேற் கைமரங்களும், குறுக்கே சிலாகைகளும், அவற்றின்மேல் ஓடும் அமையும். கூரை சுவரைச் சந்திக்கும் இடமே நீர் புகும் இடம். சுவரில் வழியும் மழைநீர் அவ்விடைவெளியில் இறங்கி வளையை உக்கச்செய்யும். சுவரிற் காடி வெட்டித் தகடொன்றின் மேல்விளிம்பை அதனுட் செருகி, கீழ்விளிம்பை ஓட்டின்மேற் படியவிடுதல் இதற்குரிய பரிகாரம்.

பாரம் கீழ்நோக்கி மட்டும் இயங்குவதன்று. சுவரில் மோதும் காற்று மேலெழுந்து சிறுகூரையை அடியிலிருந்து தூக்குகின்றது. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பெயர்த்தெறிந்தமை நாம் மறக்கவொண்ணாத பாடமாகும். ஓடு சிலாகையோடும், சிலாகை கைமரத்தோடும், கைமரம் வளையோடும், வளை தாங்கியோடும், தாங்கி சுவரோடும் பிணைக்கப்படல் வேண்டும். இச்சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் ஏனையவற்றின் வலிமையாற் பயனில்லை.

மரத்தின் இடத்தைக் கொங்கிறீற்றுப் பெற்றுக்கொண்ட பின்னரும் இவ்விதி மாறவில்லை. சுவரிலிருந்து நீளும் கொங்கிறீற்றுத் தட்டிலும் இழுவை மேற்புறத்திலேயே ஏற்படுவதால் முதன்மைக் கம்பி மேற்புறத்தை அண்டியிருத்தல் வேண்டும். கலவை கொட்டும்போது கம்பி மிதிபட்டுத் தாழ்ந்துவிடின், வெளித்தோற்றத்திற் குறைதெரியாத அத்தட்டு, முட்டுகளை அகற்றுகையிலேயே முறிந்து விழக்கூடும். தட்டின்மேல் நின்று அதனை அழுத்திப் பிடிக்கவேண்டிய சுவர் எழும்புமுன் முட்டை அகற்றினாலும் தட்டு கவிழும்.

கூரையின் நீளமும் ஓட்டின் நிறமும் யாவர் கண்ணுக்கும் தெரிவன. சுவருக்குள் மறையும் திருகாணியும் கம்பியும் தெரியா. செலவைச் சுருக்க விரும்புவோர் கைவைப்பது பெரும்பாலும் மறைந்திருப்பவற்றிலேயே. ஆனால் கூரை விழும்போது அதன்கீழ் நிற்பவர் முட்டகற்றும் தொழிலாளியாகவோ வாடகைக் குடியிருப்பாளராகவோ இருத்தல் கூடும். ஆதலின் இவ்வறிவு தச்சரிடமும் மேசனிடமும் பொறியியலாளரிடமும் தனித்தனியே தேங்கிக் கிடத்தல் தகாது. வளை, கைமரம், சிலாகை, முட்டு என்னும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பின்னுள்ள விதிகளை எளிய தமிழில் உழைப்போர் கைக்கு எட்டச்செய்தல் தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றென நாம் கருதுகின்றோம்.