மேல்மலைக்கு எந்த வண்டி?

எஸ்யூவி விளம்பரங்கள் பெரும்பாலும் மலைச்சாலையில்தான் எடுக்கப்படுகின்றன. அந்தச் சாலையில் எதிரே அரசுப் பேருந்து வருவதில்லை. பின்னிருக்கையில் குழந்தை வாந்தி எடுப்பதுமில்லை. கொடைக்கானல் மேல்மலையில் உள்ள போளூரில் இருந்துகொண்டு வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு இவை இரண்டும்தான் முதல் கேள்விகள்.

எங்கள் குடும்பத் தொழில் மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பூண்டு. அம்மாவுக்கு இதய நோய். இரவில் மூச்சுத் திணறல் வந்தால் வாடகை ஜீப்பைத் தேடிப் பிடித்துக் கொடைக்கானல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. ஆகவே குடும்பம் கூட்டாக ஒரு வண்டி வாங்குவதென்று முடிவாயிற்று. அப்பாவும் நானும் மகிந்திரா பொலிரோ என்றோம். சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, மீதித் தொகைக்குத் தானே கடன் வாங்குவதாகவும் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 வாங்கலாம் என்றும் சொன்னான். ஒன்று 10 லட்சத்தை ஒட்டியது. மற்றது ஏறத்தாழ 50 லட்சம். வேடிக்கை என்னவென்றால், பிஎம்டபிள்யூவின் தொழிற்சாலையும் மகிந்திராவின் ஆராய்ச்சி மையமும் செங்கல்பட்டு அருகே ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

முதலில் எஞ்சின். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சாதாரண எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ உள்ள எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளி அந்தக் குறையை ஈடுகட்டும். இரண்டு வண்டிகளிலும் டர்போ இருப்பதால் இங்கே பெரிய வேற்றுமை இல்லை.

வேற்றுமை சக்கரத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. எந்தச் சக்கரத்தின் மீது எடை அதிகமோ அதற்குத்தான் பிடிப்பும் அதிகம். பொலிரோவைத் தள்ளுவது பின்சக்கரம். இந்தியாவில் விற்கப்படும் இன்றைய எக்ஸ்1 வகைகளை இழுப்பதோ முன்சக்கரம். மழையில் நனைந்த மண்பாதையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏறும்போது, எடை விலகிய முன்சக்கரம் வழுக்கத் தொடங்கும். தோற்றத்தில் காட்டு வண்டியாக இருப்பதெல்லாம் காட்டுக்கான வண்டி அல்ல. டயரும் அப்படித்தான். பொலிரோவின் 215/75 அளவு டயரில் ரப்பர் சுவரின் உயரம் 161 மில்லிமீட்டர். சொகுசு வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 225/55 டயரில் 124 மட்டுமே. குழியில் இறங்கும்போது சக்கர வளையத்தைக் காப்பாற்றுவது அந்த ரப்பர் சுவர்தான்.

இதுவரை வாதம் என் பக்கம். ஆனால் தம்பி பிடிவாதத்துக்காகப் பேசவில்லை. பொலிரோவின் கடைசி வரிசை இருக்கைகள் பக்கவாட்டில் பார்ப்பவை. கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகளை அப்படி உட்கார வைத்தால் வயிறு குமட்டும். மோதல் நேர்ந்தால் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுவார்கள். ‘ஏழு பேர் போகலாம்’ என்று நான் பெருமையாகச் சொன்ன கணக்கில் அந்தக் குழந்தைகளும் அடக்கம். சொகுசு வண்டி தாழ்ந்த எடைமையத்தோடு வளைவில் குறைவாகச் சாய்கிறது. நோயாளிக்கு அது ஆடம்பரம் அன்று. மூட்டு வலியுள்ள அம்மா பொலிரோவில் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும்.

இடையில் வரி என்ற மூன்றாவது ஆளும் பேச்சில் நுழைந்தார். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1500 சிசிக்கு மிகாத டீசல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. பொலிரோ 3995 மில்லிமீட்டர், 1493 சிசி. சட்டத்தின் விளிம்பில் கச்சிதமாக நிற்கும்படி செதுக்கப்பட்ட வண்டி! முன்னால் பார்க்கும் கடைசி வரிசை இருக்கைகளுக்கு இடமில்லாமல் போனதன் காரணத்தை இந்த 5 மில்லிமீட்டரில்தான் தேட வேண்டும் என்பது என் ஐயம்.

வண்டி சென்னையில் பதிவானால் இன்னொரு சங்கடம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடைக்கு வார நாட்களில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். சொந்த வீட்டுக்கு வருவதற்கு அனுமதி கேட்கும் நிலை தம்பிக்கே பிடிக்கவில்லை.

எக்ஸ்1 பட்டியலிலிருந்து போயிற்று. பொலிரோவும் கூடவே போயிற்று. இப்போது பேச்சு ஸ்கார்பியோ-என் பற்றியது. இருக்கைகள் முன்னோக்கியவை, நான்கு சக்கர இயக்கம் கொண்ட டீசல் வகை உண்டு, 2022இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம். 40 சதவீத வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். அகலம் 1917 மில்லிமீட்டர். பொலிரோவைவிட 172 அதிகம். எங்கள் தெருவில் எதிரே டிராக்டர் வந்தால் யார் பின்வாங்குவது என்று அப்பா கேட்கிறார். வருகிற ஞாயிறன்று தம்பி ஒன்றை ஓட்டிப் பார்க்க எடுத்துவருகிறான். அம்மா ஏறி இறங்கிப் பார்ப்பார். நான் தெருவை நாடா பிடித்து அளக்கப் போகிறேன்.