பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு லாக்கப் கிடையாது

ஊரில் ஒரு மோட்டார் காணாமல் போகிறது. கோயில் உண்டியல் உடைகிறது. திருவிழாவில் கைகலப்பு நடக்கிறது. விசாரிக்க வரும் ஜீப் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது காலனி முனையில்தான். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்" என்று சொல்லி ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தாய் தகப்பன் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். இருட்டிய பிறகு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும் அவர்களுக்கு, பிள்ளை உள்ளே இருக்கிறானா இல்லையா என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

அந்த வாசலில் நாம் கெஞ்ச வேண்டியதில்லை, கேட்க வேண்டும். கேட்பதற்கு உரிமை தருவது இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. இது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிரம்பாத எவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும் சரி, வேலைக்குப் போனாலும் சரி.

காவல் நிலையத்தில் என்ன நடக்க வேண்டும்?

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். சிறுவனைப் பிடித்ததும் அவர் பொறுப்பிலோ, மாவட்டத்தின் சிறப்பு சிறார் காவல் பிரிவிலோதான் ஒப்படைக்க வேண்டும். அவர் சீருடையில் இல்லாமல் சாதாரண உடையில் பேச வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் சிறுவனை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அந்தக் குழுமம். அதுவரை வைக்க வேண்டிய இடம் கூர்நோக்கு இல்லம், ஸ்டேஷன் அல்ல.

பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: கைவிலங்கு, சங்கிலி கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி மிரட்டக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. விசாரிக்கும்போது பெற்றோர் உடன் இருக்கலாம். கொடிய குற்றம் என்று சட்டம் சொல்வது குறைந்தபட்சம் ஏழாண்டு தண்டனைக்குரிய குற்றத்தை. அப்படிப்பட்ட குற்றம் இல்லையென்றால், பிள்ளையின் நலனுக்காக என்றாலொழிய, பிடித்து வைக்கவே கூடாது. சின்ன வழக்குகளில் முதல் தகவல் அறிக்கையும் போடாமல், பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் குடும்பச் சூழல் அறிக்கையுடன் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. பிறகு ஏன் நம் பிள்ளைகளின் முதுகில் தழும்பு? பிடித்த நேரம் எழுதப்படுவதில்லை என்பதுதான் பெரிய காரணம். எழுதாத வரை 24 மணி நேரம் தொடங்கவே இல்லை என்று கணக்குக் காட்டிவிடலாம். அதனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார், எந்த வண்டியில் கூட்டிப் போனார்கள் என்பதை வீட்டார் குறித்து வைக்க வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தந்தி கொடுத்த காலம் போய்விட்டது. இன்று செல்பேசியில் அனுப்பும் ஒரு செய்தியே நேரத்துக்குச் சாட்சி.

வயதுதான் முதல் சண்டை

அடுத்த வழி, 17 வயதுப் பையனை 19 என்று எழுதிவிடுவது. அப்படி எழுதினால் இந்தச் சட்டம் முழுவதும் அவன் கையைவிட்டுப் போய்விடும். வயதை எப்படி முடிவு செய்வது என்று சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை போட்டுத் தருகிறது. முதலில் பள்ளி அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி. அது இல்லையென்றால் ஊராட்சி, நகராட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. பள்ளியை இடையில் விட்ட பிள்ளையின் மாற்றுச் சான்றிதழைப் பலர் வாங்காமலே விட்டுவிடுகிறோம். அந்தத் தாள்தான் ஒருநாள் பிள்ளையைப் பெரியவர்கள் சிறையிலிருந்து காக்கும். தவறாக எழுதப்பட்டாலும் வழி அடைபடவில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், தீர்ப்பு வந்த பிறகும்கூட, சம்பவத்தின்போது சிறுவன் என்று நீதிமன்றத்தில் கோரலாம்.

ஸ்டேஷனைத் தாண்டியும் ஆபத்து இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டு அங்கே அனுப்பப்பட்டவன். அவனை அடித்ததாக இல்லத்தின் பணியாளர்கள் கைதானார்கள். அதன் பிறகே இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. பிள்ளை இல்லத்துக்குப் போய்விட்டான் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும், ஜாமீன் கேட்க வேண்டும். ஜாமீன் தருவதுதான் இந்தச் சட்டத்தில் பொது விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

அவர்களுக்கும் இதே சட்டமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளையையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளிச் சிறுவர்கள். "அவர்களுக்கு எதற்கு இந்தச் சலுகை?" என்ற கேள்வி அப்போது சேரிகளில் ஓங்கி ஒலித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் நம் பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: ஆம், அவர்களுக்கும் இதே சட்டம்தான். இது குற்றத்தை மன்னிக்கும் சட்டம் அல்ல. 16 வயதைத் தாண்டியவர் கொடிய குற்றம் செய்தால், குழுமம் ஆராய்ந்து, வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பவும் இதில் இடமுண்டு. விசாரணை நடக்கட்டும், தீர்ப்பு வரட்டும். அடிக்கும் அதிகாரத்தை மட்டும் போலீஸ் கையில் நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. லாக்கப் கதவு சிறுவர்களுக்குத் திறக்கும் என்றானால், அதற்குள் முதலில் தள்ளப்படுவது யார் பிள்ளை என்பது நமக்குத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடிபட்ட சிறுவனின் படத்தையோ பெயரையோ பள்ளியையோ வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அது ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். பத்திரிகைகளுக்கும் அதே விதிதான். செங்கல்பட்டுச் சிறுவனின் பெயரை நாம் இங்கே எழுதாததும் அதனால்தான்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பட்டியல் சாதியினர், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. நம் பிள்ளை மூன்றிலும் வருகிறான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணிலும், குழந்தைகள் உதவி மையத்தை 1098 என்ற எண்ணிலும் அழைக்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த இரண்டு எண்களையும் காலனியின் பொதுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஜீப் வரும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.