படகு வீட்டிலே விருந்தினர்

மானிப்பாயிலே சித்திரை வருடப்பிறப்பன்று மருதடி விநாயகருக்குத் தேர். அந்நாளை முன்னிட்டு வெளியூர்களிலிருந்து உறவினர் வந்து இறங்குவது எங்கள் ஊர் வழக்கம். எத்தனை பேர் வருவார்களென்று எவரும் முற்கூட்டி எண்ணுவதில்லை. கிணற்றிலே தண்ணீர் இருக்கிறது; விறாந்தையிலே பாய் இருக்கிறது; அரிசி போதாவிட்டால் அயல்வீடு இருக்கிறது. விருந்தோம்பல் என்பது எண்ணிக்கை பாராத செயல் என்றே, அறுபதை நெருங்குகின்ற இவ்வயதுவரை, நானும் நம்பியிருந்தேன்.

2024 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நானும் மனைவியும் இங்கிலாந்திலுள்ள மகளிடம் சென்று பதினான்கு நாள் தங்கினோம். அவள் தன் கணவருடனும் ஏழு வயதுப் பெண் குழந்தையுடனும் வாழ்வது ஒரு படகில். அங்கே விருந்தினரை எண்ணாமல் ஓர் இரவைக்கூடக் கழித்தல் இயலாது. ஏன் இயலாது என்பதையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

படகு என்றதும் காசுமீரத்துத் தால் ஏரியிலும் ஆலப்புழைக் காயலிலும் உல்லாசப் பயணிகளுக்கென நிற்கும் அகன்ற படகுவீடுகளை எண்ணிவிட வேண்டா. இது கால்வாய்ப் படகு. நீளம் 57 அடி. அகலமோ 7 அடிக்கும் இரண்டங்குலம் குறைவு. இவ்வளவு ஒடுங்கியது ஏனென்றால், 18 ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிறின்ட்லி முதலிய பொறியியலாளர் நடு இங்கிலாந்தில் வெட்டிய கால்வாய்களின் அடைப்புக்கள் ஏறத்தாழ 7 அடி அகலமே உடையன. நாடெங்கும் சென்றுவர விரும்பும் படகு அவ்வளவுக்குள் அடங்கவே வேண்டும். உள்ளே இருவர் எதிரெதிர் வந்தால் ஒருவர் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து வழிவிட வேண்டும். உணவருந்தும் மேசையே இரவில் எங்கள் கட்டில். ஆகவே வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் உண்டு, ஒரே நேரத்தில் உறங்கி, ஒரே நேரத்தில் எழுந்தாக வேண்டும். கல்லூரி விடுதி நடத்திய எனக்கு இது பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

இக்கால்வாய்களிற் குடும்பங்கள் குடியேறிய வரலாறு வேறு. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புகையிரதம் வந்து போட்டியிட, சரக்குக் கூலி வீழ்ந்தது. துணையாளுக்குச் சம்பளம் கொடுக்கவும் கரையிலே வீட்டுக்கு வாடகை கொடுக்கவும் வகையற்ற படகோட்டி, மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டான். எங்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகளை நினைத்துப் பாருங்கள். அங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலோட்டிகள் உலகின் மறுபுறம் சென்றபோதும் குடும்பங்கள் ஊரிலேயே இருந்தன. ஆங்கிலக் கால்வாய்க்காரனுக்கோ பத்தடி நீளமும் இல்லாத அறைக்குள் குடும்பம் முழுவதும் அடங்க வேண்டியிருந்தது. அக்குழந்தைகள் எழுத்தறிவின்றி வளர்வதைக் கண்டித்து ஜோர்ஜ் சிமித் என்பவர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1877 இற் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் வசிக்கலாம் என வரையறுத்து, அக்குழந்தைகளின் கல்விக்கும் அது வழி தேட முயன்றது. ஆயினும் படகு நிற்குமிடந்தோறும் இரண்டொரு நாட் பள்ளி என்பதே பலருக்கு வாய்த்தது. 1962 - 63 ஆம் ஆண்டுக் கடுங்குளிரிற் கால்வாய்கள் வாரக்கணக்காக உறைந்ததோடு அச்சரக்குத் தொழில் பெரும்பாலும் முடிந்துபோயிற்று.

இன்று வாழ்வோர் வேறுவகையினர். இலண்டன் வீட்டு வாடகையைத் தாங்கமாட்டாதவர்களும், தண்ணீரின்மேல் வாழ்தலை விரும்பியே தேர்ந்தவர்களும் உளர். என் மகள் குடும்பம் இரண்டும் கலந்தது. பெரும்பாலான கால்வாய்களை 2012 முதல் ஓர் அறக்கட்டளை நிருவகித்து வருகிறது. நிலையான துறை வாடகைக்கு எடுக்காதவர், 1995 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமின்றி ஓரிடத்தில் பதினான்கு நாளுக்குமேல் நிற்றல் ஆகாது. நாங்கள் தங்கியதும் பதினான்கு நாள். எங்களையும் சட்டம் கட்டுகிறதென்று மருமகன் நகைத்தார்.

தலைமையாசிரியனாகிய எனக்கு அது நகைப்பாகத் தோன்றவில்லை. இரு வாரத்துக்கொருமுறை வீடு நகர்ந்தால் பேத்தியின் பள்ளி என்னாவது? கேட்டபோது மகள் விளக்கினாள். பள்ளி உக்ஸ்பிரிட்ஜ் நகரில் ஒன்றே, அது மாறுவதில்லை. தவணை நடக்கும்போது பள்ளிக்கு எட்டிய இடங்களிலே நகர்வார்கள். ஆனால் ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி நின்றால் உரிமம் புதுப்பிக்கும்போது கேள்வி எழும். எனவே தூரப் பயணங்களை விடுமுறைக்கென்று ஒதுக்கி, வடக்கே றிக்மன்ஸ்வேர்த் வரையும் தென்கிழக்கே சவுத்தோல் வரையும் சென்று வருவார்கள். விருந்தினர் வருவதும் விடுமுறையில். வீடு புறப்பட்டுப் போவதும் விடுமுறையில். நத்தாருக்கு வந்த மருமகனின் தமக்கையார் முதல் வாரத்து விலாசத்தை நம்பி இருட்டிலே கால்வாய்க் கரையில் ஒன்றரை மைல் நடந்து வந்தார். வந்தவர் சினக்கவில்லை. நானாயின் சினந்திருப்பேன்.

இனித் தண்ணீர். படகின் முன்புறத்துத் தாங்கி 500 லீற்றர் கொள்ளும். மூவர் சிக்கனமாகப் புழங்கினால் ஒரு வாரம் போதும். என் மனைவி துலாக் கிணற்றடியில் வளர்ந்தவர். அரிசியை மும்முறை களைந்து, குழாயைத் திறந்தபடியே கீரை அலசுபவர். நான்காம் நாட் காலையிற் குழாய் இருமி நின்றது. கழிவுப்பெட்டியும் அவ்வாறே. இருபது லீற்றர்ப் பெட்டியை மூன்று நாளுக்கொருமுறை கொண்டுபோய்க் கொட்டிவந்த மருமகன், நாங்கள் வந்தபின் நாள்தோறும் சுமந்தார். மாமனாராகிய நான் அதைப் பார்த்திருக்கக் கூசினேன். ஆறாம் நாள் முதல் மறு கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டேன்.

குளிருக்கு நிலக்கரி அடுப்பு உண்டு. பிட்டு அவித்தால் ஆவி படிந்து சாளரமெல்லாம் வழியும். இரவிலே காற்றோட்டத் துளைவழியே குளிர் புகுகிறதென்று மனைவி அதிற் பழந்துணியைத் திணித்தார். அன்றுதான் மருமகன் குரல் சற்றே உயர்ந்தது. அடைத்த அறையில் அடுப்பெரிந்தால் காபனோரொட்சைட்டு என்னும் வாயு சேரும், அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை, உறங்குபவர் விழிப்பதேயில்லை. 2019 முதல் இத்தகைய படகுகளில் அவ்வாயுவை அறிவிக்கும் மணி கட்டாயம். ஊரிலே அறைக்குள் கரியடுப்பு வைக்கும் வழக்கமுள்ளவர்கள் இதனை நினைவிற் கொள்வது நன்று.

தண்ணீர் தீர்ந்த அன்று, குறித்த நாளுக்கு முன்னரே படகை எடுத்தோம். குழாய் இரண்டு அடைப்புக்களுக்கு அப்பால். அடைப்பு என்பது இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டி. படகை உள்ளே விட்டு, மேற்கதவைச் சாத்தி, கீழ்மதகைத் திறந்தால் நீர் வடிய வடியப் படகு தாழ்ந்து மறு மட்டத்துக்கு இறங்கும். டென்காம் அடைப்பிலே 11 அடி இறங்கினோம். பாசி படிந்த ஈரச்சுவர் இருமருங்கும் உயர்ந்துகொண்டே போக, கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இருந்தது. கதவுகளை முதுகினால் உந்தித் திறக்க வேண்டும். சேலைமேற் கம்பளிச் சட்டை அணிந்த என் மனைவி பேத்தியுடன் சேர்ந்து மரத்தண்டிற் சாய்ந்து உந்த, பெருங்கதவு மெல்ல நகர்ந்தது. “அம்மம்மா, கால்களைப் படிக்கல்லில் ஊன்றுங்கோ” என்று குழந்தை கற்பித்தாள். முன்னொருபோதும் காணாத பெருமிதத்தை அம்முகத்திற் கண்டேன்.

புறப்படுமுன், கரையிலே ஒரு வீடு பார்க்கும்படி மகளை வற்புறுத்துவதென்று மனைவி முடிவு செய்திருந்தார். அதற்கு முதல்நாள் அலமாரியிலே ஒரு கொப்பி கிடைத்தது. தண்ணீர், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றின் கணக்கு. ஐப்பசி மாதத்திலிருந்தே ‘அம்மா, அப்பா - 14 நாள்’ என்று தலைப்பிட்டு, வாரம் ஒரு மூடையாக மேலதிகக் கரி வாங்கியதும், நாங்கள் உறங்கும் பக்கத்துப் பாரத்தை ஈடுசெய்ய மறுபக்கத்திற் செங்கல் அடுக்கியதும், “அம்மா குழாயை மூடமாட்டா” என்று தண்ணீரை இரட்டித்து மதிப்பிட்டதும் அதில் இருந்தன. அந்த மதிப்பும் போதவில்லை என்பது வேறு கதை.

மனைவி கொப்பியை இருந்த இடத்தில் வைத்தார். மறுநாள் அரிசியை ஒரேமுறை, சிறு கோப்பையிற் களைந்தார். வீட்டுப் பேச்சு அப்பயணத்தில் எடுக்கப்படவில்லை. பேத்திக்குப் பதினொரு வயதாகி மேற்பள்ளிக்குச் செல்லுங்கால் அதனை மீண்டும் எடுக்கவேண்டி நேரும். அதற்கு இன்னும் சில ஆண்டுகள் உள்ளன.